ரோகிணி மிச்சம் பிடித்த நேரம்

கூரையில் புகை இல்லை. வடகவுஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கிய சின்னச்சாமி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். அவர் வீட்டில் அடுப்பு அணைவது சாவு விழுந்தால் மட்டும்தான்.

திண்டுக்கல்லில் கண் ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறார். மனைவி இன்னும் அங்கேதான். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டது மருமகள் ரோகிணி. கன்னிவாடிக்காரி, அண்ணனுக்கு அங்கே மசாலா மில். கல்யாணமாகி மலையேறி நாலு மாதம்தான் ஆகிறது.

"ஏத்தா! யாருக்கு என்ன ஆச்சு?" வாசலிலேயே கத்தினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வாங்க மாமா, உட்காருங்க. நாலு நிமிஷத்துல காப்பி." ரோகிணி சிரித்தபடி உள்ளே போனாள்.

நாலாவது நிமிடம் காப்பி வந்தது. விறகடுப்பு சாம்பல்கூட இல்லாமல் குளிர்ந்து கிடக்க, அதன் தலைமேல் ஒரு கரண்ட் அடுப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒரு அட்டவணை. ஐந்தரைக்கு மாவு, ஐந்து ஐம்பதுக்கு மாட்டுக்குத் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கான காய் மொத்தமும் நறுக்கி டப்பாவில். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் பெண்கள் உண்டு. இவள் கடிகாரத்தோடு பேரம் பேசி ஜெயித்திருந்தாள்.

"வெறகு பொறுக்க ஒண்ணரை மணி நேரம், ஊதி ஊதிப் பத்த வைக்க அரை மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம் மாமா!"

சின்னச்சாமி காப்பியைக் கீழே வைத்தார். கண் தானாக அடுப்புக்கு மேலிருந்த பரணுக்குப் போனது.

அங்கேதான் விதைப்பூண்டு தொங்கியது. அவருடையது மட்டுமில்லை, ஏழு வீட்டு விதை. ஊரே கேஸுக்கு மாறிவிட, புகை மிஞ்சிய கடைசிப் பரண் அவருடையது. புகை படாவிட்டால் இந்த ஈரப்பனியில் பத்து நாளில் பூண்டு உள்ளுக்குள் கறுத்துவிடும். விதைக்கும் நேரத்தில் இன்னொருவனிடம் போய் விதை கேட்கவும் முடியாது, கேட்டாலும் கிடைக்காது. ஒரு வருஷ வெள்ளாமை போய்விடும்.

நாளைக்கு விதை இறக்கும் நாள்.

"வந்துட்டீங்களாண்ணே? கண்ணு பளிச்சுனு தெரியுதா?" வாசலில் குப்பம்மாள். புருஷனில்லாதவள். அரை ஏக்கரையும் ரெண்டு பெண் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டுகிறவள். பெரும்பாறை எஸ்டேட்டில் பத்து நாள் களையெடுத்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள்.

"தெரியுது, தெரியுது."

"நாளைக்கு வெள்ளனே ஏழு வீட்டாளும் வந்துருவோம். பூண்டைப் பல்லு பல்லாப் பிரிக்கவே ரெண்டு நாள் சோலி கெடக்கு. ஏண்ணே, மொகம் ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கு? பரணுல எலி ஏறிருச்சா? தோலு போன பல்லு மண்ணுல நிக்காதுண்ணே, அழுகிரும்!"

எலியாக இருந்தால் தேவலையே என்று நினைத்தார். எலிகூட தின்றது போகக் கொஞ்சம் விட்டுவைக்கும்.

ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறினார். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து ஏணியின் அடிப்படிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. பரணுக்குள் கையை நீட்டினார். அழுகல் பிசுபிசுப்பு விரலில் ஒட்டும் என்று பயந்துகொண்டுதான் நீட்டினார்.

கை வெறும் மூங்கிலைத் தடவியது. இன்னும் எட்டித் தடவினார். ஒரு கட்டுக்கூட இல்லை.

"ரோகிணீ!"

கீழே குப்பம்மாளுக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ளைகளுக்கு நான் என்னண்ணே சொல்லுவேன்?"

ரோகிணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "மொதல்ல எறங்குங்க மாமா, கண்ணு என்னத்துக்கு ஆகும்? புகை இல்லாட்டி பூண்டு கெட்டுரும்னு எனக்குத் தெரியாதா? போகும்போது அத்தை நாலு தடவ சொல்லிட்டுத்தான போனாங்க. அடுப்ப மாத்துன அன்னைக்கே எல்லாத்தையும் எறக்கிட்டேன்."

"எறக்கி எங்கத்தா வச்ச?"

"எங்க அண்ணன் மில்லுல. பனி அண்டாத எடம். ஏழு வீட்டுக்கும் தனித்தனி சாக்கு, மேல பேரும் எழுதியாச்சு. வண்டி ஏறி வந்துக்கிட்டிருக்கு. ஒரு பல்லு கெடல மாமா."

சின்னச்சாமி அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்தார். போன உயிர் ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்தது. குப்பம்மாள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ரெண்டையும் சேர்த்தே செய்தாள்.

"அடி மகராசி! ஒரு நிமிஷத்துல என்னையக் கொன்னு பொழைக்க வச்சுட்டியே! அண்ணே, இப்படி மருமக கெடைக்க நீங்க என்ன வரம் வாங்கிட்டு வந்தீங்க?"

கொண்டை ஊசி வளைவில் வண்டி ஹாரன் அடித்தது. ரோகிணி சுவர்ப்பக்கம் போய், பென்சிலால் அட்டவணையில் ஒரு வரியை அடித்தாள்.

"அப்ப நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும் தாயி?" குப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும் வர வேணாம் சித்தி, அந்த ரெண்டு நாள் சோலியும் மிச்சம். அண்ணன் மெஷினு பல்லைப் பிரிச்சு, தோலையும் சுத்தமா உரிச்சுக் குடுத்துருச்சு!"