ஜனவரி விலை

"ஜனவரியில யாராவது ஏரிக்கரை வீட்டை விப்பாங்களா மேடம்?" தரகர் பிரெஸ்காட் செல்போனில் விலை வரைபடம் காட்டினார். "சந்தைப் போக்கைப் பாருங்க. ஜூன்ல விலை சும்மா பறக்கும். வாங்கறவங்க படகோட வந்து நிப்பாங்க!"

"படகோட வர்றவன் செப்டம்பர்ல படகோட போயிடுவான். இன்னிக்கே வித்துக் குடுங்க," என்றாள் வீட்டுக்காரி ஐனோ.

மினசோட்டாவில் தன்னைவிட்டால் சந்தை நிபுணர் இல்லை என்ற நடையில் வெளியேறிய பிரெஸ்காட்டின் கார், வாசலிலேயே பனியில் புதைந்தது. வீடு பார்க்க வந்த இளம் தம்பதி டெரிலும் மோனாவும் தங்கள் வண்டியிலிருந்து மண்வாரியை எடுத்துப் பனியை அள்ளி, காரைத் தள்ளிவிட்டார்கள்.

"வீடு இவங்களுக்குத்தான்," என்றாள் ஐனோ.

"விலையே பேசலையே!" பிரெஸ்காட் அலறினார்.

"அவங்க சொல்ற விலை போதும்."

டெரில் தயங்கினான். "வித்துட்டு எங்கம்மா போவீங்க? வெயில் தேடி ஃபுளோரிடாவுக்கா?"

"நான் எங்கப்பா போறேன்? இது எங்க அண்ணன் விட்டுட்டுப் போன வீடு. பக்கத்துல புகை வருதே, அதுதான் என் வீடு. குளிர்காலம் பூரா இந்தக் கரையில நான் ஒருத்திதான். காபி போட்டா எதிர்ல உக்கார ஆள் வேணாமா?"

மோனா கையுறையைக் கழற்றினாள்.

"எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்கம்மா."