ஒன்பது நீல விளக்குகள்

கேபிள் கருகிய புகை சர்வர் அறையை நிறைத்து, விளக்குகளும் அணைந்தபோது, உள்ளே பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இருநூறு இயந்திரங்கள் இருட்டில் இரைந்துகொண்டிருந்தன. போனில் ஆசிக் இருந்தான். வேறு ஊரில் உட்கார்ந்து அந்த இயந்திரங்களை இயக்குபவன். அவள் அவனை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

“அக்கா, நல்லா குனிஞ்சுக்குங்க. ஒவ்வொரு மிஷின்லயும் அடையாளத்துக்கு ஒரு நீல லைட் இருக்குல்ல? கதவு வரைக்கும் எரிய விடுறேன்.”

எக்ஸ்எம்எல் என்ற கணினி மொழியில் ஆசிக் கட்டளையை எழுதினான். அதில் திறந்த ஒவ்வொரு வரியையும் மூடியாக வேண்டும். அவசரத்தில் ஒன்றை மூடாமல் அனுப்பினான். இயந்திரங்கள் மொத்தத்தையும் ஏற்க மறுத்தன.

“என்னடா தம்பி, தூங்கிட்டியா?” இருமலுக்கு நடுவே கேட்டாள்.

“ஒரு வரிய மூடாம விட்டுட்டேன்கா. இதோ, இதோ.”

தரையை ஒட்டி ஒரு நீலப் புள்ளி தோன்றியது. அதை நோக்கித் தவழ்ந்தாள். அதற்கு அப்பால் இன்னொன்று. ஒன்பதாவது விளக்கைக் கடந்ததும் கதவின் கைப்பிடி அவள் கையில் பட்டது.

வெளியே வந்து, கதவைச் சாத்தி, மூச்சு வாங்கினாள். கண்ணாடிக்கு அப்பால் புகைக்குள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வேலை முடிந்ததும் அவற்றை அணைத்துவிடுவது வழக்கம்.

“அணைச்சிரவா அக்கா?”

“இருடா. இதுங்களுக்கு இன்னும் நன்றி சொல்லல.”

கண்ணாடியில் நெற்றியை வைத்து, வழிகாட்டிய ஒவ்வோர் இயந்திரத்தின் எண்ணையும் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். மறுமுனையில் ஆசிக் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.