பதினேழாம் கல்

சர்வேயர் கல்லின் மேல் கை வைத்தார். அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பதினேழு. இதேதான்."

காலையிலிருந்து இரண்டு சர்வேயர்கள் நரிப்பாறை மேட்டில் ஏறி இறங்குகிறார்கள். கிழக்கு மாநிலத்துக்காரர் ஒருவர், மேற்கு மாநிலத்துக்காரர் ஒருவர். பதினாறாம் எல்லைக்கல் ஓடையோரம் கிடைத்தது. பதினெட்டு பாறை உச்சியில். நடுவில் உள்ளதைத் தேடி அவளுடைய அவரைப் பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

வழியெல்லாம் சண்டை. இந்தக் கல்லைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு.

முழங்கால் உயரக் கல். வருஷா வருஷம் அவள்தான் சுண்ணாம்பு அடிக்கிறாள்.

அடியில் இருப்பது அவள் பிள்ளை.

மூன்று நாள் இருந்தது. பெயர் வைக்கும் வரைகூட இல்லை.

இது எல்லைக்கல் இல்லை என்று அவள் சொல்லவில்லை.

மூன்று தடவை இந்த ஊரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை அந்தப் பக்கத்து ரேஞ்சர், இரண்டு தடவை இந்தப் பக்கத்து ரேஞ்சர். காட்டுக்குள் குடியானவன் நட்ட எதுவும் நிற்கக் கூடாதாம். அண்டா, ஆட்டுக்குட்டி, கழற்றிய கதவு என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அவளுக்கு மட்டும் தூக்க வழியில்லை.

திரும்பி வரும்போதெல்லாம் கல்லைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அதே இடத்தில் நடுவாள்.

எல்லைக்கல் என்றால் எந்த ரேஞ்சரும் தொட மாட்டார். இரண்டு சர்க்கார் காவல்.

கிழக்குக்காரர் நோட்டைப் பிரித்தார்.

"யம்மா, இது நட்டு எம்புட்டு வருஷமிருக்கும்?"

"ஆவணி பதினொண்ணு, வெள்ளிக்கிழம. சாயங்காலம். தூத்தல் போட்டுக்கிட்டிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கேட்டது வருஷம்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கல்லின் அடியைப் பார்த்தார். வாடிய செவ்வந்தி. மண்ணில் பாதி புதைந்த பால் சங்கு.

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மேற்குக்காரர் கல்லடியில் ஊன்றியிருந்த தன் அளவைக் கருவியின் முக்காலிக் காலைத் தூக்கி இரண்டடி தள்ளி வைத்தார்.

கிழக்குக்காரர் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார்.

"கல் பழையது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது."

மேற்குக்காரர் கையெழுத்துப் போட்டார்.

சிவப்புப் பெயின்ட்டில் பதினேழு என்று எழுத வெகுநேரம் ஆயிற்று. இருவரும் மண்டியிட்டு, மாறி மாறி எழுதினார்கள்.

அப்போதுதான் அவள் கவனித்தாள்.

அட்டைக்குப் பயந்து காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டி வந்தவர்கள். நாலு பூட்ஸும் பந்தலுக்கு வெளியே கிடந்தன.