ஐந்தடி காலியிடம்

பழைய வாடகையிலேயே இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த வேதமுத்துவைக் கிளப்ப சங்கரலிங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. மதிலோரம் விடவேண்டிய ஐந்தடி காலியிடத்தில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று, தன் வீட்டைப் பற்றித் தானே நகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டார். நோட்டீஸ் வந்தது. ஒண்டிக்கட்டையான வேதமுத்து ஒரே ஒரு பெட்டியோடு வெளியேறினார். "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, சட்டம் அப்படி இருக்கு" என்று போகும்போது இவருக்கே ஆறுதல் சொன்னார். மறுநாளே அறையை இடித்து மண்ணையும் அள்ளியாயிற்று. மூன்றாம் மாதம், பஸ் நிலையத்து பெஞ்சில் அவர் இறந்துகிடந்ததாகத் தகவல் வந்தது.

இன்று காலை அளவு பார்க்க வந்த ஆய்வாளர் டேப்பின் நுனியை மதிலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சங்கரலிங்கம் மறுமுனையோடு வீட்டுச் சுவரை நோக்கி ஓரெட்டு வைத்தார். டேப் எதிலோ முட்டி நின்றது.

"எவ்வளவு வருது?"

"ஒண்ணே முக்கால் அடி சார்."

"அப்ப இன்னும் இடிக்கலையா?"

"இடிச்சாச்சு சார். நீங்களே பாருங்க, வெறும் தரை."

ஆய்வாளர் தரையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். "டேப்புல உள்ளதைத்தான் நான் எழுத முடியும்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. சங்கரலிங்கம் வெறும் காற்றில் கையை நீட்டித் துழாவினார். விரல்களில் சுண்ணாம்பு ஒட்டியது. சற்றுத் தள்ளி மரம் தட்டுப்பட்டது. கதவுதான். தள்ளிப் பார்த்தார்.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.