கடைசிக் கட்டுரை

"ஊர் சுத்திப் பாக்குற பஸ்ல கூட என்னை நிம்மதியா உக்கார விடமாட்டீங்களா சார்?"

பல்கலைக்கழக வாசலில் கிளம்பிய வண்டியில் ஓடி வந்து ஏறி, மூச்சிரைக்கத் தன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தவரைப் பார்த்து எரிந்து விழுந்தார் கல்வெட்டுப் பேராசிரியர். வந்தவர் நாணயப் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர்கள் இன்னும் சுருக்கம்: கல்வெட்டு, நாணயம்.

ஒரு ராஜா எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பதில் தொடங்கிய பகை, ராஜாவின் ஆட்சியையும் தாண்டி நீண்டுவிட்டது. நாணயம் எங்கே கட்டுரை வாசித்தாலும், கல்வெட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்து, கையைத் தூக்கி, கிழிகிழியென்று கிழித்துவிடுவார்.

இந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில்தான் அந்த வழக்கத்தை மாற்றினார். மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் நாணயத்துக்கு இதுதான் கடைசிக் கட்டுரை. அதைக் காதிலேயே வாங்காமல் ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டால், அதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா?

ஆனால் ஆளே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். திட்டம் பாழ்!

"மேடையில இருக்க வேண்டிய நேரத்துல இங்க என்ன வேலை?"

"ஏன், ஊரை நீங்க மட்டும்தான் பாக்கணுமா?" என்றார் நாணயம், விறைப்பாக.

"தாராளமா பாருங்க. உங்க பேச்சைக் கேக்குறதுக்கு இந்த மணிக்கூண்டு எவ்வளவோ மேல்."

மணிக்கூண்டு போனது. அருங்காட்சியகமும் போனது. ஊர் பார்க்க வந்ததாகச் சொன்ன நாணயம் ஒருமுறைகூட வெளியே தலையைத் திருப்பவில்லை. மடியில் கட்டுரைக் காகிதக்கட்டு. சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக் இன்னும் அப்படியே இருந்தது.

"இந்தக் கோட்டை ஆயிரம் வருஷம் பழசு" என்றார் வழிகாட்டி.

"தப்பு!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உடனே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். வழிகாட்டி வாயைத் திறக்கவே பயந்தார்.

கல்வெட்டுக்குப் பொறுக்கவில்லை. "அங்க அரங்கம் நிறைய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க மைக்கோட ஓடி வந்துட்டீங்க. அவ்வளவு பயமா?"

நாணயம் குனிந்து காலரைப் பார்த்தார். மைக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மேடையேறி நிமிர்ந்தேன். முன்வரிசையில உங்க நாற்காலி காலி. ஜன்னல் வழியா பாத்தா, நீங்க பஸ் ஏறிக்கிட்டு இருக்கீங்க."

காகிதக்கட்டை எடுத்துக் கல்வெட்டின் மடியில் வைத்தார்.

"நீங்க கிழிக்காம நான் எப்படி சார் ரிட்டையர் ஆகுறது?"