எட்டாவது மெட்டு

முனீஸ்வரிக்கு ரத்தம் கொதித்தது. வீரபாண்டித் திருவிழாவில், தீச்சட்டி எடுத்து வருபவர்களுக்கு முன்னால் பேண்டு செட்டு வாசித்துக்கொண்டு போனது அவள் புருஷன் முத்துராஜாவின் மெட்டு.

முத்துராஜா சாக்சபோன்காரன். கல்யாணம், காதுகுத்து என்று அடுத்தவர் பாட்டையே ஊதி ஓய்ந்தவன், போன மாதம்தான் மதுரை ஸ்டுடியோவில் சொந்தமாகப் போட்ட எட்டு ஜாஸ் மெட்டுகளை ஆல்பமாக்கியிருந்தான். எட்டாவது மெட்டைக் கேட்டு அவள் அழுதே விட்டாள். அட்டையில் 'இசை: முத்துராஜா' என்றிருந்ததைத் தெருவில் காட்டாத வீடில்லை. அந்த எட்டாவது மெட்டைத்தான் எவனோ கூச்சமே இல்லாமல் ஊதுகிறான்.

"விடு முனீசு. கோயில்ல வந்து எதுக்கு வம்பு" என்று அவள் கையைப் பிடித்தான் முத்துராஜா.

இந்த மனுஷன் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கப்போய்த்தானே ஆளாளுக்குத் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

பேண்டு மாஸ்டர் நல்லகண்ணுவை மறித்துப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒருத்தர் உயிரைக் கொடுத்துப் போட்ட மெட்டைத் திருடி, ஆத்தா சந்நிதியிலேயே வாசிக்க வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். வாசிப்பு நின்றுபோனது.

"மெட்டுப் போட்டவுக பேரை மைக்குல சொல்லுய்யா. சொல்லாம இங்கனருந்து ஒரு அடி நகர முடியாது."

நல்லகண்ணு கோபப்படவில்லை. ஆல்பம் எதுவும் தான் கேட்டதில்லை என்றார். பிறகு, தீச்சட்டியோடு நின்றிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார்.

"அங்கன நிக்கிறது சுப்புத்தாயி. திராட்சை வெட்டுறப்ப அதுவாக் கட்டிப் படிக்கிற பாட்டு இது. அதுகிட்டக் கேட்டுத்தான் வாசிக்கிறோம். போன வருசம் யாரோ சாக்சபோன்காரரு தோட்டத்துக்கு வந்தாகளாம். போன்ல பதிஞ்சுக்கிட்டுப் போனாகளாம். பேரைக்கூடக் கேக்கலையாம்."

முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். முத்துராஜா தலை நிமிரவில்லை.

நல்லகண்ணு மைக்கை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"நீயே சொல்லு தாயி. என்ன பேரு?"

அவள் புருஷனை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மைக்கை வாங்கி, அத்தனை கூட்டமும் கேட்கச் சொன்னாள்.

"சுப்புத்தாயி."