முடியாத கணக்கு

ஃபேன் நின்றது. "இன்னைக்கும் கரண்டை நிறுத்திட்டாய்ங்கப்பா" என்று அலுத்துக்கொண்டே வாசலிலிருந்து உள்ளே வந்தாள் ராமுத்தாய்.

மடியில் கம்ப்யூட்டரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த மகன் சூரியபிரகாஷ் தலையில் கை வைத்தான். "போச்சு! ஆறு மணி நேரம் ஓடுன கணக்கும்மா. மறுபடி மொதல்லருந்து ஓட்டணும்."

"அட பாவமே!" என்றாள். முந்தானைக்குள் அவள் பிடுங்கி வந்த பியூஸ் கட்டை கனத்தது.

ஜெர்மனியில் புகை விடாத பவர் ஸ்டேஷனுக்கு ஆராய்ச்சி செய்கிறானாம். "கரியைத் தனி ஆக்சிஜன்ல எரிக்கணும்மா. காத்துலருந்து அதை மட்டும் பிரிக்க ஒரு சவ்வு இருக்கு. அதை எம்புட்டுச் சூட்டுல வச்சா கரண்டு மிச்சமாகும்னு கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குறேன்" என்று லீவில் ஊருக்கு வந்த அன்றே சொன்னான். கடைசியில் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது: "கணக்கு முடிஞ்சதும் டிக்கெட் போட்டுருவேன்."

முடிந்தால்தானே? அந்த வருஷம் ஊரெல்லாம் கரண்டு கட்டு. அவளுக்குத் தோதாகப் போயிற்று.

புருஷன் போய் நாலு வருஷம். அல்லிநகரத்து வீட்டில் ஒற்றை ஆளாய், டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு பழைய சோறு தின்று கிடந்தாள். இந்தப் பத்து நாளாகத்தான் சுடுசோறு வடிக்கிறாள்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி அலறியது. "அக்கம்மா அத்தை வீட்ல மட்டும் கரண்டு இருக்கே?"

"அவுகளுக்கு வேற பேஸ் லைனுப்பா."

அவன் குனிந்து டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தான். அப்போது செல் அடித்தது. இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசி வைத்தான்.

"யாருப்பா?"

"புரொபசர். எப்ப வர்றேன்னு கேக்குறாக. நாளாக ஆகச் சங்கடந்தான்."

ச்சீ, நானெல்லாம் ஒரு தாயா, பிள்ளை பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. பியூஸ் கட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"நான்தாம்ப்பா புடுங்குனேன். தெனமும் நான்தான். நீ போயிட்டா எங்கூடப் பேச ஆளில்லடா, அதான்... கொண்டுபோயி மாட்டு. கணக்கை முடிச்சுட்டு நல்லபடியாக் கெளம்பு."

அவன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"இதுக்குள்ள பேட்டரி இருக்கும்மா, கரண்டு போனாலும் ஓடும். கணக்கு போன புதன்கிழமையே முடிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏண்டா கெளம்பல?"

பியூஸ் கட்டையை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தான்.

"நீ இதைப் புடுங்காத அன்னைக்குக் கெளம்பலாம்னு இருந்தேம்மா."